"ஒண்டுமில்ல மனே" என்று சொல்லும் அப்பாவுக்கு உண்மையில் எப்படி இருக்கிறது?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு மகள் கேட்டிருக்கிறார். அவருடைய அப்பாவுக்கு 64 வயது. வலப்பக்க நுரையீரலின் மேற்சோணையை, அதாவது மேல் பகுதியை, புற்றுநோய்க்காகக் கொழும்பில் வெட்டி எடுத்திருக்கிறார்கள். பத்தாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். என்ன கேட்டாலும் "ஒண்டுமில்ல மனே" என்கிறார். ஆனால் இரவில் நித்திரை இல்லை, சாப்பாடும் பாதிதான். வாட்டில் இருக்கும்போது நோவு எவ்வளவு என்று பூச்சியத்திலிருந்து பத்துக்குள் ஒரு இலக்கம் சொல்லச் சொன்னார்களாம். எப்போது கேட்டாலும் "ரெண்டு" என்றுதான் சொன்னாராம். "அவர் சுகமாக இருக்கிறாரா, தாங்கிக்கொண்டு இருக்கிறாரா என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது?" இதுதான் கேள்வி.

தங்கச்சி, சத்திரசிகிச்சை வாட்டுகளில் பல வருடம் தாதியாக வேலை செய்தவள் என்ற முறையில் சொல்கிறேன். அப்பா சொன்ன "ரெண்டு" பொய் இல்லை. கேட்ட நேரம்தான் பிழை. கட்டிலில் அசையாமல் படுத்திருக்கும் ஒருவரிடம் போய் "நோகுதா?" என்று கேட்டால் அவர் ரெண்டு என்றுதான் சொல்வார். நுரையீரல் ஒப்பரேசன் செய்தவரிடம் கேட்க வேண்டிய நேரம் அவர் இருமும் நேரம்.

காரணத்தைச் சொல்கிறேன். கால் முறிந்தால் பத்துப் போட்டு அந்தக் காலை அசையாமல் வைக்கலாம். நெஞ்சை அப்படி வைக்க முடியாது. நிமிடத்துக்கு 15 மூச்சு என்றாலும் ஒரு நாளைக்கு 21,600 தடவை அந்த விலா ஏறி இறங்குகிறது. நெஞ்சைத் திறந்து செய்த ஒப்பரேசன் என்றால் விலா எலும்புகளை அகட்டித்தான் உள்ளே போயிருப்பார்கள். ஒவ்வொரு விலாவின் கீழ் ஓரத்தோடும் ஒரு நரம்பு ஓடுகிறது. அது நசிந்தும் இழுபட்டும் இருக்கும். சிறு துளைகள் போட்டுக் கமெரா மூலம் செய்தால் நோவு குறைவு, ஆனால் அதிலும் குழாய் விட்ட இடம் விலாக்களுக்கு நடுவில்தானே. ஆகவே உடம்பு தானாகவே ஒரு தந்திரம் செய்கிறது: மேலோட்டமாக மூச்சு விடுகிறது, இருமலை விழுங்குகிறது. அப்படிச் செய்தால் நோகாது. ஆளும் அமைதியாகப் படுத்திருப்பார். பார்க்க வருகிற சனமும் "ஆள் நல்லாத்தான் இருக்கார்" என்று சொல்லிவிட்டுப் போகும். உள்ளே நுரையீரலின் அடிப்பகுதி காற்றுப் போகாமல் சுருங்கும், சளி தேங்கும், பிறகு நியூமோனியா.

இது எனக்கு அடிபட்டு வந்த அறிவு. வேலைக்கு வந்த புதிதில் ஒரு ஐயா இருந்தார். ஒரு சத்தம் இல்லை, மணியடித்து யாரையும் கூப்பிட்டதும் இல்லை. ஒவ்வொரு முறையும் "நோ இல்லை" என்று நானே அவருடைய தாளில் எழுதினேன். வாட்டிலேயே வேலை வைக்காத ஆள் என்று அவர்மேல் எனக்கு ஒரு விருப்பமும் இருந்தது. மூன்றாம் நாள் காய்ச்சல். எக்ஸ்ரேயில் ஒரு பக்கத்து அடி முழுக்க வெள்ளை. வாட்டுக்குப் பொறுப்பான பெரிய மிஸ் வந்து என்னிடம் ஒரேயொரு கேள்வி கேட்டார்: "இவரை எப்ப கடைசியா இரும வச்சனீங்க?" பதில் என்னிடம் இல்லை. அவர் பிழைத்துப் போனார், ஆனால் மேலும் இரண்டு கிழமை கட்டிலில் கிடந்தார். அன்றிலிருந்து அசையாமல் படுத்திருக்கும் நோயாளியைக் கண்டால்தான் எனக்குப் பயம்.

சரி, எப்படிக் கேட்பது? அப்பாவைக் கதிரையில் நிமிர்த்தி இருத்துங்கள். ஒரு தலகணியையோ மடித்த துவாயையோ காயத்தின்மேல் வைத்து அவருடைய கையாலேயே அணைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். மூன்று தரம் ஆழமாக மூச்சை உள்ளே இழுக்கட்டும், பிறகு இருமட்டும். நீங்கள் முகத்தைப் பாருங்கள். மூச்சு பாதி வழியில் வெட்டுப்பட்டு நிற்கிறதா? இருமல் நெஞ்சின் ஆழத்திலிருந்து வருகிறதா, தொண்டையைச் செருமுவதோடு நிற்கிறதா? புருவம் சுருங்குகிறதா, அந்தப் பக்கத்துத் தோள் மேலே ஏறுகிறதா? இலக்கத்தை அப்போது கேளுங்கள். சும்மா இருக்கும்போது ரெண்டு சொன்னவர் அந்த நேரம் ஏழு சொன்னால், எழுத வேண்டியது அந்த ஏழைத்தான்.

இலக்கத்தைவிட எனக்கு நம்பிக்கை இன்னொன்றில். சில வாட்டுகளில் நோவை மூன்று படியாகப் பார்ப்பார்கள்: ஒன்று, நோவு தடுக்காமல் ஆழமாக மூச்செடுத்து இரும முடிகிறது; இரண்டு, முடிகிறது, ஆனால் நோவு கொஞ்சம் தடுக்கிறது; மூன்று, நோவால் செய்யவே முடியவில்லை. மூன்றாவது படியில் இருப்பவர் வாயால் ரெண்டு என்று சொன்னாலும் அவருக்குக் கொடுக்கிற மருந்து போதவில்லை என்றுதான் அர்த்தம். நோவை அடியோடு இல்லாமல் செய்ய வேண்டும் என்று யாரும் நிற்பதில்லை. இருமவும் நடக்கவும் தூங்கவும் விடுகிற அளவுக்கு அது இறங்கினால் போதும்.

பூச்சியம் முதல் பத்து என்பது எங்கள் வயதானவர்கள் சிலருக்குப் பிடிபடுவதே இல்லை. பரீட்சைப் புள்ளி என்று நினைத்து, கூடச் சொன்னால் நல்லது என்று பத்துச் சொன்ன ஒரு பெத்தாவையும் கண்டிருக்கிறேன். நான் காசுக் கணக்கில் கேட்பேன்: "தாங்கவே ஏலாத நோவுக்கு நூறு ரூபா எண்டா, இது எத்தின ரூபா?" உடனே பதில் வரும். அதுவும் சரிவராவிட்டால் இல்லை, கொஞ்சம், நடு, மோசம் என்று நாலு சொல் போதும். ஆனால் இன்று காசு, நாளை விரல் என்று மாற்றக் கூடாது. ஒன்றைப் பிடித்தால் அதிலேயே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் நேற்றையதோடு ஒப்பிட முடியாது.

அடுத்தது சொல். இதில்தான் நாங்கள் கூடுதலாகத் தவற விடுகிறோம். "நோகுதா?" என்று கேட்டால் "இல்ல" என்பவர், "கடுக்குதா?" என்று கேட்டால் "ஓம், இரா முழுக்க" என்பார். அவருக்கு நோ வேறு, கடுப்பு வேறு. உளைவு, குத்து, எரிவு, இழுப்பு, விறைப்பு என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். சும்மா சொல்லுக்காகக் கேட்பதில்லை, ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு இடத்தைக் காட்டுகிறது. காயத்தில் தொட்டால் வரும் நோ தசையும் தோலும். மூச்சை இழுக்கும்போது குத்துவது பெரும்பாலும் நுரையீரலைச் சுற்றியுள்ள உறை, அல்லது குழாய் உரசிய இடம். எரிவு, கரண்ட் அடித்த மாதிரிச் சுள்ளென்று ஓடுவது, பெனியன் பட்டாலே கூசுவது என்றால் அது நரம்பு நோவு. அதற்குப் பனடோல் பெரிதாகக் கேட்காது. வேறு வகை மருந்து உண்டு, டொக்டர்தான் எழுத வேண்டும். "காயம் ஆறினால் போயிரும்" என்று ஆறு மாதம் பொறுத்திருக்க வேண்டாம். இரண்டு மாதத்துக்கு மேலும் காயத்தோடு நிற்கும் நோவுக்கு மருத்துவத்தில் தனிப் பெயரே இருக்கிறது. நெஞ்சைத் திறந்து ஒப்பரேசன் செய்தவர்களிடம் அது அபூர்வம் இல்லை. தொடக்கத்திலேயே நோவை நன்றாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு அது நிலைத்துப்போகும் வாய்ப்புக் குறைவு. காயத்தின் கீழே, மார்பைச் சுற்றி, மரத்துப்போன மாதிரி இருப்பதும் அதே நரம்பின் வேலைதான். அது மாதக்கணக்கில் நிற்கலாம்.

களைப்பு என்ற சொல்லை வைத்து ஒரு வாட்டே குழம்பியிருக்கிறது. எங்கள் பக்கத்தில் களைப்பு என்றால் உடம்பு சோர்ந்துபோவதும்தான், மூச்சு வாங்குவதும்தான். "களைக்குது" என்று கிளினிக்கில் சொல்லிச் சத்துக் குளிசையோடு திரும்பி வந்தவர்கள் உண்டு. ஆகவே மறுகா ஒரு கேள்வி கேளுங்கள்: "மூச்சுக் களைப்பா, மேல் களைப்பா?" கொழும்பு வாட்டில் இன்னும் கரைச்சல். "ரிதெனவாத?" (நோகுதா?) என்று மிஸ் சிங்களத்தில் கேட்பார், எங்கள் ஐயா விளங்கியும் விளங்காமலும் "நே, நே" (இல்லை, இல்லை) என்று தலையாட்டுவார். கிளினிக்குக்குத் திரும்பப் போகும்போது நோவு எந்த இடத்தில், எந்த நேரத்தில், என்ன மாதிரி என்று தெரிந்தவர் ஒருவரைக் கொண்டு சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்.

தோளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெட்டியது விலாவில், நோவோ அதே பக்கத்துத் தோளில். நெஞ்சு ஒப்பரேசன் செய்தவர்களில் மிகப் பலருக்கு இது வரும். உதரவிதானத்துக்கு, அதாவது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைக்கு, போகும் நரம்பும் தோளுக்குப் போகும் நரம்பும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து புறப்படுவதால், உள்ளே உள்ள எரிச்சலைத் தோளில் நோவதாக மூளை எடுத்துக்கொள்கிறது. ஒப்பரேசன் மேசையில் கையைத் தூக்கி வைத்துப் பல மணிநேரம் கிடந்ததும் ஒரு காரணம். பெரும்பாலும் சில நாட்களில் அடங்கிவிடும். ஆனால் நோயாளியின் மனத்தில் அது எப்படி விழுகிறது தெரியுமா? "தோளுக்கும் பரவிட்டு" என்று. அதை வெளியே சொல்லாமல் இரவு முழுக்க முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். உங்கள் அப்பாவின் நித்திரையில்லாமைக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். நேரடியாகவே கேளுங்கள்: "அப்பா, தோள் உளையுதா?" ஓம் என்றால், இது பலருக்கும் வருவது என்று சொல்லுங்கள். நாளாக நாளாகக் கூடிக்கொண்டு போனால் மட்டும் காட்ட வேண்டும்.

வீட்டில் அளக்க மெஷின் தேவையில்லை. சேட்டுக்குள் கையை விடும்போது எந்தக் கையை முதலில் விடுகிறார்? சாரனை இறுக்கி உடுக்கிறாரா, தளர்த்தி விடுகிறாரா? பாயில் படுத்து எழும்பச் சொல்லவே வேண்டாம். நிலத்திலிருந்து எழும்பும்போது விலா முழுதும் இழுபடும், ஒரு கட்டிலோ வாங்கோ போட்டுக் கொடுங்கள். கிணற்றில் அள்ளிக் குளிப்பதும் இப்போது கூடாது, யாராவது அள்ளி ஊற்ற வேண்டும். காத்தான்குடி, அக்கரைப்பற்றுப் பக்கத்து முஸ்லிம் நோயாளிகளிடம் "சுஜூது (தொழுகையில் நெற்றியை நிலத்தில் வைப்பது) செய்யேலுமா வாப்பா, கதிரையில இருந்தா தொழுறீங்க?" என்று கேட்டால் ஒரு தாளில் எழுத வேண்டிய அத்தனையும் வந்துவிடும். முந்தாநாள் கதிரையில் இருந்து தொழுதவர் இன்று ருகூஉக்குக் குனிகிறார் என்றால் அதைவிட நல்ல அளவுகோல் எது? பெண்களிடம் உள்ளாடையின் பட்டி காயத்தில் உரசுகிறதா என்று கேட்க வேண்டும். ஆண் டொக்டரிடம் அவர்கள் அதைத் தாமாகச் சொல்லவே மாட்டார்கள்.

ஒரு கொப்பி வையுங்கள். குளிசை கொடுக்க முன் ஒரு தரம், கொடுத்து ஒரு மணிநேரத்தில் ஒரு தரம், இரண்டு முறையும் இருமும்போது என்ன இலக்கம் என்று எழுதுங்கள். குளிசைக்குப் பிறகும் இலக்கம் இறங்கவில்லை என்றால் மருந்து போதாது, அல்லது மருந்தின் வகை சரியில்லை. இறங்கி, அடுத்த வேளைக்கு இரண்டு மணிநேரம் முன்பே திரும்ப ஏறுகிறது என்றால் நேரம் சரியில்லை. டொக்டருக்கு இந்தக் கொப்பி தங்கம். "நோகும்போது மட்டும் போடுவம்" என்று பனடோலைச் சேமித்து வைக்கும் பழக்கம் எங்களுக்கு உண்டு. முதல் கிழமைகளில் எழுதிக் கொடுத்த நேரத்துக்குப் போடுவதுதான் முறை. 500 மில்லிகிராம் குளிசை இரண்டு வீதம் நாளுக்கு நாலு தரம், அதாவது எட்டு, வளர்ந்த ஒருவருக்கு அதுதான் ஆகக்கூடிய எல்லை. உடம்பு மெலிந்தவருக்கும் ஈரல் பழுதானவருக்கும் அதிலும் குறைவு. டைக்ளோபினாக்கைப் பாமசியில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். சிறுநீரகமும் வயிறும் அதற்கு விலை கொடுக்கும்.

ட்ரமடோல், மோர்பின் மாதிரிக் கடுமையான நோவு மருந்து தந்திருந்தால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அமைதி நல்லதுதான், மயக்கம் நல்லதல்ல. கதைத்துக்கொண்டிருக்கும்போதே கண் சொருகினால், தட்டி எழுப்பினாலும் உடனே திரும்பத் தூங்கினால், அடுத்த வேளையைக் கொடுக்க வேண்டாம். மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். பத்துக்குக் கீழே என்றால் காத்திருக்காமல் 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். இந்த மருந்துகளோடு மலச்சிக்கல் பெரும்பாலும் வரும். முக்கும்போது நெஞ்சு நோகும், அந்தப் பயத்தில் மனிதர் சாப்பாட்டையே குறைத்துவிடுவார். உங்கள் அப்பாவின் பாதிச் சாப்பாட்டுக்கு இதுதான் காரணமோ என்றுகூட எனக்குத் தோன்றுகிறது. பப்பாசி, கீரை, தண்ணீர் எல்லாம் சரி, ஆனால் மலமிளக்கியும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். "கிரந்தி" என்று சொல்லி மீன், முட்டை, கோழி எல்லாவற்றையும் நிறுத்தி வெறும் சோறும் இரசமும் கொடுக்கும் பத்தியம் இந்தக் காயத்துக்கு ஆகாது. ஆறுவதற்குப் புரதம் வேண்டும்.

மூச்சைப் பற்றி. அமைதியாக இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இருக்கும். அவர் அறியாமல் எண்ணுங்கள், அறிந்தால் மாறும். ஒரு வசனத்தை மூச்செடுக்காமல் சொல்லி முடிக்கிறாரா, கேற்றடி வரைக்கும் போய் வர எத்தனை தரம் நிற்கிறார் என்று கிழமைக்குக் கிழமை பாருங்கள். விரலில் மாட்டும் ஒட்சிசன் மானி இருந்தால் வீட்டுக்கு வந்தபோது இருந்த அளவோடு ஒப்பிடுங்கள். 92க்குக் கீழே போய் நின்றால் காட்டுங்கள். நோவுக்கு அந்த மானி ஒன்றும் சொல்லாது. 98 காட்டிக்கொண்டே பல்லைக் கடித்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு. மூன்று பந்துள்ள பிளாஸ்டிக் கருவி தந்திருப்பார்கள். அதை ஊதுபவர்கள்தான் அதிகம். அது ஊதுவதற்கில்லை, உள்ளே இழுப்பதற்கு. குளிசை வேலை செய்யும் நேரத்தில், அதாவது கொடுத்து ஒரு மணிநேரம் அளவில், அந்தப் பயிற்சியைச் செய்ய வையுங்கள். வறண்ட இருமல் சில கிழமைகள் நிற்கலாம், அது வழமை. ஆனால் எங்கள் ஊர்க் கச்சான் காற்றில் புழுதியும், பின்னேரத்தில் நுளம்புத்திரியும் சாம்பிராணியும் பக்கத்து வளவில் குப்பை எரிக்கும் புகையும் சேர்ந்தால் இருமல் நிற்காது. நுளம்புவலை கட்டுங்கள்.

மறதி நோய் உள்ளவர்களையும் சொல்லத் தெரியாதவர்களையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன்: மூச்சு, முனகல், முகம், உடம்பின் இறுக்கம், தடவிக் கதைத்தால் ஆறுகிறாரா இல்லையா, இந்த ஐந்துக்கும் பூச்சியம் முதல் இரண்டு வீதம் போட்டுக் கூட்டும் முறை ஒன்று உண்டு. பெயினாட் என்பார்கள். வீட்டிலும் செய்யலாம்.

இனி, அளக்க முடியாத பகுதி. அமெரிக்கத் தாதியியல் அறிஞர் காதரின் கொல்காபா நோயாளியின் சுகத்தை உடம்பு, மனமும் ஆன்மாவும், சுற்றாடல், உறவு என்று நாலாகப் பிரித்தார். நாங்கள் படிக்கும்போது பரீட்சைக்காகப் பாடமாக்கினோம். அது விளங்கியது வாட்டில்தான். நோவு இறங்கிய பிறகும் ஒருவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால் மீதி மூன்றில் ஒன்றைத் தேட வேண்டும். அப்பாவுக்கு இது புற்றுநோய் என்று சொல்லியிருக்கிறீர்களா? "சின்னக் கட்டி எண்டுதான் சொன்னம்" என்பது எங்கள் வீடுகளில் வழமையான பதில். மகரகமவில் அல்லது மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவில் ஒரு நாள் வாங்கில் இருந்தால் எதுவும் மறைந்திருக்காது. பெரும்பாலும் அவருக்குத் தெரியும். உங்களுக்காகத் தெரியாதவர் மாதிரி இருக்கிறார். நீங்கள் அவருக்காக, அவர் உங்களுக்காக, இரண்டு பக்கமும் ஒளிப்பு. "ஒண்டுமில்ல மனே" என்பதில் பாதி அதுதான் என்பது என் எண்ணம். வெட்டியெடுத்த துண்டின் பரிசோதனை அறிக்கைக்குக் காத்திருப்பதும், அதன் பிறகு மருந்து ஏற்றுவார்களோ என்ற யோசனையும், "நான் சுருட்டுக் குடிச்சதாலதானே" என்ற குற்ற உணர்வும் இரவில்தான் எழும்பும். "பயமா இருக்கா?" என்று கேட்காதீர்கள், ஆண்கள் இல்லை என்பார்கள். "இரவில என்ன அப்பா யோசிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டுச் சும்மா பக்கத்தில் இருங்கள். பார்க்க வரும் சனத்தையும் ஒரு அளவுக்கு மறியுங்கள். கட்டிலைச் சுற்றிப் பத்துப் பேர் நின்று, அதே நோயில் செத்தவர்களின் கதை சொன்னால் யாருக்கு நித்திரை வரும்?

சிலவற்றுக்குக் கொப்பி எழுதிக்கொண்டு இருக்கக் கூடாது. திடீரென்று மூச்சு முட்டுதல், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி நோதல், நெஞ்சு படபடவென்று ஒழுங்கில்லாமல் அடித்தல், இருமலில் புது இரத்தம் அல்லது திடீரென்று நிறையத் தண்ணீர் மாதிரிச் சளி, கழுத்திலோ நெஞ்சிலோ தோலை அமத்தினால் நொறுநொறுவென்று கேட்பது, தடுமாறிக் கதைப்பது. இவற்றில் ஒன்று வந்தாலும் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். காய்ச்சல் 38 பாகையைத் தாண்டினாலோ காயம் சிவந்து நீரோ சீழோ வடிந்தாலோ அன்றே பக்கத்து வைத்தியசாலையில் காட்டுங்கள், கிளினிக் நாள் வரும்வரை பார்க்க வேண்டாம்.

கொழும்புக் கிளினிக்குக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். இரவு பஸ்ஸில் விடிய விடிய மடங்கிக்கொண்டு போகாமல், முடிந்தால் ரயிலில் போங்கள், எழும்பி நடக்கலாம். வான் என்றால் ஒவ்வொரு இரண்டு மணிநேரமும் நிறுத்தி நடக்க வையுங்கள், இருக்கும்போதும் கணுக்காலை மேலும் கீழும் ஆட்டச் சொல்லுங்கள். சீற் பெல்ட்டுக்கும் காயத்துக்கும் நடுவில் அந்தத் தலகணி.

இன்று பின்னேரக் குளிசை கொடுத்து ஒரு மணிநேரம் கழித்து அப்பாவைக் கதிரையில் இருத்தி இரும வைத்துப் பாருங்கள். கொப்பியின் முதல் வரி அதுவாக இருக்கட்டும். மூச்சு பாதியில் வெட்டுப்பட்டு நின்றால், கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் நாளைக்கே அந்தக் கொப்பியோடு பக்கத்து ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்.